ஆரு சொல்லி வந்தீங்க?

பொள்ளாச்சியில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கும் வாசலில் போய் நின்றால், "எந்தூருங்க?" என்பது முதல் கேள்வி. "ஆரு சொல்லி வந்தீங்க?" என்பது இரண்டாவது. என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், கறி சமைப்பீர்களா, வண்டி எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். இத்தனை கேட்பவர்கள் ஒன்றை மட்டும் அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள்: "இதுக்கு முன்னால குடியிருந்த வீட்டுக்காரர் நம்பர் குடுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கறோம்." இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீடு கேட்டுப் போகிறவரிடம் வழக்கமாக இதையும் கேட்கிறார்கள். யோசித்தால் அதுதான் நியாயமாகவும் படுகிறது. ஒருவர் மாதா மாதம் வாடகை கொடுத்தாரா, சுவரில் கண்டபடி ஆணி அடித்தாரா, போகும்போது கரண்ட் பில் பாக்கி வைத்தாரா என்பது அவரைக் குடிவைத்திருந்தவருக்குத் தெரிந்த அளவு அவருடைய சொந்த மாமனுக்கும் தெரியாது. தெரிந்தவரை விட்டுவிட்டு மாமனையும் மச்சானையும் ஊரையும் விசாரிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அறியாமையில் வந்ததல்ல அது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்லும் வார்த்தையை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதில் இந்த வட்டாரம் நூறாண்டுக்கு மேல் பட்ட அனுபவம் அதற்குள் இருக்கிறது. பொய் சொன்னால் சொன்னவருக்கு நஷ்டம் வர வேண்டும், அப்போதுதான் அந்த வார்த்தைக்கு விலை. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு பார்த்தால், கொங்கு நாட்டில் குடிவைக்கும் முன் விசாரிக்கும் வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் விளங்கிவிடுகிறது.

பழைய கொங்குக் கிராமத்தில் வாடகை வீடு என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. காட்டுக்கு நடுவே குடியானவரின் சாளை, ஊருக்குள் வளவு, ஊருக்கு வெளியே பண்ணையாட்களின் குடிசை என்று யார் எங்கே இருப்பது என்பது பிறப்பிலேயே முடிவாகியிருந்தது. புதிதாக ஒருவர் வந்தால் உறவாக வருவார், இல்லையேல் ஆளாக வருவார். இரண்டிலும் அவருக்காகப் பதில் சொல்ல ஊரில் ஒருவர் இருப்பார். இந்த ஏற்பாட்டை முதலில் உலுக்கியது ரயில். 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் பாதை வந்தது. 1928இல் திண்டுக்கல்லும் 1932இல் பாலக்காடும் இணைந்தன. இடையில் 1920இல் ஊர் நகராட்சியாகிவிட்டது. தேங்காய், வெல்லம், நிலக்கடலை வியாபாரிகளும், குமாஸ்தாக்களும், ரயில்வே ஆட்களும், வாத்தியார்களும், ஆனைமலை எஸ்டேட்டுகளுக்கு ஏறி இறங்குகிறவர்களும் தங்க இடம் தேடினார்கள். கோயம்புத்தூரிலும் இதே கதைதான். 1888இல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கிய நூற்பாலைத் தொழில், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஒரே பாய்ச்சலாகப் பெருகியது. அந்தத் தேவைக்குப் பிறந்ததுதான் லைன் வீடு. பொதுச் சுவரோடு வரிசையாக ஆறு வீடோ எட்டு வீடோ, முன்னால் ஒரு நடை, மூலையில் ஒரு குழாய், பின்னால் பொதுக் கழிப்பிடம், பெரும்பாலும் அதே காம்பவுண்டில் வீட்டுக்காரர் குடும்பமும் இருக்கும். இந்த அமைப்பில் ஒரு குடி சரியில்லை என்றால் தண்ணீர்ச் சண்டையிலிருந்து குடிச் சண்டை வரை எட்டு வீட்டுக்கும் வரும். விசாரிக்காமல் யாரையும் உள்ளே விட முடியாத கட்டாயம் அந்தக் கட்டிடத்திலேயே இருந்தது.

விசாரிப்பது எப்படி என்பதற்கு ஊரில் ஒரு முன்மாதிரியும் கண்ணெதிரே இருந்தது: செவ்வாயும் வியாழனும் கூடும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. மாடு வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், வாலைத் தூக்கலாம், நாலு நடை நடத்திப் பார்க்கலாம். ஆனால் ஏரில் பூட்டினால் பாதி உழவில் படுத்துக்கொள்ளுமா, கறக்கும்போது உதைக்குமா என்பது சந்தையில் தெரியாது. அது தெரிந்த ஆள் முன்னால் வைத்திருந்தவர் ஒருவர்தான். அவரோ விற்கிறவர், மாட்டைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருப்பவர், உண்மை சொன்னால் விலை குறையும் என்று தெரிந்தவர். இந்தச் சிக்கலைத் தரகர் தீர்த்தார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிக்கும் அதே மனிதர் அடுத்த வாரமும் அதே மரத்தடிக்கு வந்தாக வேண்டும். படுக்கிற மாட்டை உழைக்கிற மாடு என்று தலையில் கட்டினால், வாங்கியவர் மறுவாரம் மாட்டோடு வந்து நிற்பார், அதைச் சந்தையே வேடிக்கை பார்க்கும். அவருடைய நாணயம்தான் அவர் முதல். முன்பு வைத்திருந்தவரை நம்பாமல் நடுவில் நிற்பவரை நம்பும் சந்தைப் புத்தியே ஊருக்குள் "ஆரு சொல்லி வந்தீங்க?" என்றானது. மளிகைக் கடைக்காரரோ, மில் மேஸ்திரியோ, சொந்தக்காரரோ ஒருவரைக் கூட்டிவந்து "நம்ம ஆளுதாங்க" என்றால், அவர் அந்த ஆளுக்குத் தன் மரியாதையை ஜாமீன் வைக்கிறார் என்று பொருள். குடி வந்தவர் வாடகை பாக்கி வைத்தால் வீட்டுக்காரர் முதலில் போய் நிற்பது கடை வாசலில்தான்.

இதைக் கேட்டால் சிலருக்கு ஒரு பெருமூச்சு வரும். அப்போது வார்த்தைக்கு மதிப்பிருந்தது, இப்போது எல்லாம் காகிதமாகிவிட்டது என்பார்கள். அந்தப் பெருமூச்சை அப்படியே ஏற்க முடியாது. நடுவில் நிற்பவரின் ஜாமீன் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் அதன் மறுபக்கம் தெரியும். கடைக்காரருக்குத் தெரிந்தவர், மேஸ்திரிக்கு உறவானவர், ஊரில் நாலு பேர் பெயர் சொல்லக் கூடியவர் ஆகியோருக்குத்தான் கிடைத்தது. தெரிந்தவர் என்றால் பெரும்பாலும் சொந்தச் சாதி, மிஞ்சினால் சமமான சாதி. "எந்தூருங்க?" என்ற கேள்வியும் அதற்கான சுற்றுவழிதான். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் வைத்தே கொங்கில் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கோயம்புத்தூர் மில்லில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் வேலை பார்த்த இரண்டு பேரில், ஒழுங்காக வாடகை கட்டும் தலித் தொழிலாளிக்கு லைன் வீடு கிடைக்காது, பாக்கி வைப்பதில் பேர் போன இன்னொருவருக்குக் கிடைத்துவிடும். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த நகரத்தில் முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் தெருக்களுக்கு வெளியே வீடு தேடப் பட்ட பாடும் இதே கேள்வியின் தொடர்ச்சிதான். அந்த ஜாமீன் முறை உண்மை சொல்லத்தான் செய்தது. ஆனால் கேட்ட கேள்விக்கான உண்மையை மட்டும் சொன்னது. இவர் யார் என்று சொன்னது, எப்படிக் குடியிருந்தார் என்று சொல்லவில்லை. வாடகைக்கு விடுகிறவருக்கு வேண்டியது இரண்டாவது. அதைச் சொல்லக்கூடியவர் முந்தைய வீட்டுக்காரர் ஒருவரே.

அப்படியானால் முன்பு வைத்திருந்தவரையே கேட்டிருக்கலாமே என்றால், அதையும் இந்த மண்ணின் மனிதர்கள் ஒரு காலத்தில் அனுபவித்துப் பார்த்திருக்கிறார்கள். அது வீட்டு விஷயத்தில் நடக்கவில்லை, வேலை விஷயத்தில் நடந்தது. ஆனால் எஸ்டேட்டில் வேலையும் வீடும் ஒன்றுதான். வேலை போனால் லயத்து வீடும் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கார்வர் மார்ஷ் போன்ற துரைமார் ஆனைமலைக் காடுகளைத் திருத்தத் தொடங்கியபோது, ஆட்களைச் சமவெளியிலிருந்து ஏற்றிச் சென்றவர் கங்காணி. இவர்கள் நல்ல ஆட்கள் என்று துரையிடம் சொன்னவரும் அவரே. அவருக்கு ஆள்கணக்கில் காசு. எத்தனை பேரை நல்லவர் என்கிறாரோ அத்தனைக்கு வரும்படி என்றால், அந்த வாயிலிருந்து 'கெட்டவர்' என்ற சொல் எப்படி வரும்? இதைவிடக் கடுமையான வடிவத்தைக் கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களில் பார்க்கலாம். அங்கே ஒரு கங்காணி தன் கூட்டத்தோடு தோட்டம் மாற வேண்டும் என்றால், பழைய துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' வேண்டும். இவர்கள் எனக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்பது அதன் சாரம். புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். அடுத்த முறை மாறும்போது தொகை ஏறியிருக்கும். கங்காணிகள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக முன்பணம் பேசினார்கள், கடன் கடைசியில் தொழிலாளியின் தலையில் விடிந்தது. சென்னை அரசுக்காக மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய் விசாரித்து 1917இல் அறிக்கை தந்தார்கள். 1921இல் இலங்கையில் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

பழைய முதலாளியின் எழுத்து புதிய வாசலுக்குச் சாவியாக இருக்கும்போது, பூட்டும் அவர் கையில்தான் இருக்கும் என்பது துண்டு முறை காட்டிய பாடம். உலகில் வேறு இடங்களிலும் இதே பாடம் தனித்தனியே கிடைத்தது. பிரான்சில் நெப்போலியன் காலத்தில் 1803இல் தொழிலாளிகள் ஒவ்வொருவருக்கும் கைப்புத்தகம் கட்டாயமானது. வாங்கிய முன்பணம் அடையும்வரை பழைய முதலாளியின் பிடி அதில் இருந்தது. அதை முழுவதுமாக ஒழிக்க 1890 வரை ஆயிற்று. இங்கிலாந்தில் பிரச்சினை நேர்மாறானது. வேலைக்காரர்களுக்குப் பழைய எஜமானர் தரும் நற்சான்று பொய்யாக எழுதப்படுகிறது என்று 1792இலேயே தண்டனைச் சட்டம் போட்டார்கள். இந்தியாவில் வெள்ளைக்காரர் வீட்டுப் பட்லர்கள் கையில் வைத்திருந்த பழைய துரைமாரின் சீட்டுகளில் பல கைமாறியும் வாடகைக்கும் வந்தவை என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, முன்பு வைத்திருந்தவரின் சாட்சி இரண்டு விதமாகக் கெடும். சொல்கிறவருக்குப் பாக்கி வர வேண்டியிருந்தால் அது கட்டுச்சங்கிலியாகிவிடும். சொல்கிறவருக்கு இழக்க ஒன்றுமில்லை என்றால் அது வெறும் உபசார வார்த்தையாகிவிடும். முந்தைய வீட்டுக்காரரின் வார்த்தை இந்த இரண்டில் எதில் சேரும் என்பதைச் சுதந்திரத்தை ஒட்டி வந்த சட்டங்கள் முடிவு செய்தன.

இரண்டாம் உலகப் போர்க்கால நெருக்கடியில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941இல் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அது 1946இல் சட்டமாகி, 1949இல் புதுப்பிக்கப்பட்டு, 1960இல் பதினெட்டாம் சட்டமாக நிலைத்து, 2019 வரை நம் வாழ்க்கையை ஆண்டது. அதன் மூன்றாம் பிரிவை இன்று படித்தால் வியப்பாக இருக்கும். வீடு காலியானால் குறித்த நாட்களுக்குள் வீட்டுக்காரர் அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அரசு விரும்பினால் தன் அலுவலர்களுக்கு அதை ஒதுக்கிக்கொள்ளலாம். யாரைக் குடிவைப்பது என்பதே தன் கையில் இல்லாதவர் யாரிடம் போய் யாரைப் பற்றி விசாரிப்பார்? ஒதுக்கீடு எல்லா வீட்டையும் தொடவில்லை என்பது உண்மை. ஆனால் பத்தாம் பிரிவு தொட்டது. வாடகையை வேண்டுமென்றே கட்டாமல் விடுதல், உள்வாடகைக்கு விடுதல், கட்டிடத்தைப் பாழாக்குதல், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை, வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுதல் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே ஒருவரைக் காலி செய்யச் சொல்லலாம். அதையும் ரெண்ட் கண்ட்ரோலரான முன்சீப் முன் நிரூபிக்க வேண்டும். அதன் மேல் ஒரு அப்பீல், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் ரிவிஷன் என்று மூன்று படி ஏறி இறங்க வேண்டும். கேஸ் போட்ட அப்பா போய், மகன் கையில் தீர்ப்பு வாங்கிய கதைகளுக்குக் கோர்ட் வராந்தாக்களில் பஞ்சமில்லை.

இந்தச் சூழ்நிலையில் முந்தைய வீட்டுக்காரரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆறு மாதமாக வாடகை தராமல், கேட்டால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லும் ஒரு குடித்தனக்காரர் எப்படியோ வேறு வீடு பார்க்கிறார். அந்த வீட்டுக்காரர் வந்து, "உங்க வீட்ல இருக்கறவங்க எப்படிங்க?" என்று கேட்கிறார். பத்து வருஷ வழக்கிலிருந்து விடுதலை வாசலில் வந்து நிற்கும்போது மனிதர் என்ன சொல்வார்? "தங்கமானவங்க, கண்ணை மூடிட்டுக் குடுங்க" என்றுதான் சொல்வார். ஒழுங்காக வாடகை கட்டுகிற குடும்பத்தைப் பற்றிக் கேட்டாலோ, அவர்களை விட மனமில்லாதவர், "ம்... பரவாயில்லைங்க" என்று இழுப்பார். பாராட்டு அதிகமாக இருந்தால் சந்தேகப்படு, குறைவாக இருந்தால் நம்பு என்ற தலைகீழ் நிலை வந்தபோது கேட்பதில் பொருள் போய்விட்டது. எனவே வீட்டுக்காரர்கள் வார்த்தையை விட்டுவிட்டுப் பணத்தைப் பிடித்தார்கள். சட்டத்தின் ஏழாம் பிரிவு அட்வான்ஸாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. கோயம்புத்தூரும் சென்னையும் பத்து மாதம் வாங்கின. அதற்கும் ஒரு படி மேலே போனது போக்கியம். மொத்தத் தொகையை வாங்கி வைத்துக்கொண்டு வாடகையே இல்லாமல் குடிவைக்கும் போக்கியத்தில், குடிவருகிறவர் யாராக இருந்தால் என்ன, பணமே ஜாமீன். பணம் முடியாத இடத்தில் உத்தியோகம் ஜாமீன் ஆயிற்று. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட வேலைகளும் கல்லூரிகளும் வங்கிகளும் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்த என்ஜினீயரும் வாத்தியாரும் கேஷியரும் வீட்டுக்காரர்களுக்குச் செல்லப் பிள்ளைகள் ஆனதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. மூன்று வருஷத்தில் டிரான்ஸ்பர் ஆகிவிடுவார் என்பதும் ஒரு காரணம். கோர்ட் செய்ய முடியாததை அரசு உத்தரவு செய்துவிடும்.

இதற்கெல்லாம் சட்டத்தைக் குறை சொல்வது எளிது. வாடகைக் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் முந்தைய வீட்டுக்காரரை விசாரிக்கும் நல்ல வழக்கம் தானாக வளர்ந்திருக்கும் என்று சிலர் வாதிடலாம். அந்த வாதத்தைச் சோதிக்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு ஐந்து ஆண்டுகள் இந்தச் சட்டம் பொருந்தவில்லை. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை வந்த வீடுகளுக்கும், 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை நீக்கும்வரை பொருந்தவில்லை. அதாவது காலி செய்யச் சொல்லத் தடையில்லாத வீடுகள் நகரத்தில் எப்போதும் ஒரு பங்கு இருந்தன. அங்கேயும் கேள்வி மாறவில்லை. "எந்தூருங்க?" தான், "ஆரு சொல்லி வந்தீங்க?" தான். ஆகவே சட்டம் ஒரு நல்ல வழக்கத்தைக் கொன்றது என்பதைவிட, முளைக்காத வழக்கத்தின் மேல் கல்லைத் தூக்கி வைத்தது என்பது சரி. சாதியையும் ஊரையும் கேட்பது சுலபம், செலவில்லாதது, வீட்டுக்காரர் தான் கேட்க விரும்பியதற்கே பதிலும் தந்துவிடுகிறது. நடத்தையைக் கேட்பதற்கு நம்பகமான ஒரு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தை அதே 1960 சட்டம் தன் எட்டாம் பிரிவில் வைத்திருந்தது, அதை எடுத்துப் பார்க்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

எட்டாம் பிரிவு சொன்னது எளிய விஷயம். வாடகையோ அட்வான்ஸோ வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாங்கிய தொகைக்குக் கையெழுத்திட்ட ரசீது தர வேண்டும். வாங்க மறுத்தால், வங்கிக் கணக்கைச் சொல்லும்படி குடித்தனக்காரர் நோட்டீஸ் கொடுக்கலாம். அதற்கும் பதிலில்லை என்றால் கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டரில் அனுப்பலாம். அதையும் வாங்காவிட்டால் ரெண்ட் கண்ட்ரோலரிடம் கட்டலாம். 'மறுத்துவிட்டார்' என்று தபால்காரர் எழுதித் திருப்பித் தந்த மணியார்டர் பாரங்களை நூலில் கோத்து வைத்திருந்த குடித்தனக்காரர்கள், வழக்குகளில் அதை வைத்தே பிழைத்திருக்கிறார்கள். ஆனால் சண்டை வந்த வீடுகளில்தான் இந்தக் காகிதம் பிறந்தது. சமாதானமாக இருந்த வீடுகளில் ரசீது என்ற பேச்சே இல்லை. காரணம் நகராட்சி அலுவலகத்தில் இருந்தது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி, ஒரு வீடு ஆண்டுக்கு என்ன வாடகைக்குப் போகும் என்பதை வைத்தே சொத்து வரி போடப்பட்டது. உண்மை வாடகைக்கு ரசீது கொடுத்தால் வரி ஏறும், வருமான வரிக்காரரும் எட்டிப் பார்ப்பார். ஆகையால் வாடகை கையில் வாங்கப்பட்டு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறிக்கப்பட்டது. இருபது வருஷம் ஒரு நாள் தவறாமல் வாடகை கட்டிய குடும்பம் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும்போது, அந்த இருபது வருஷத்துக்குத் துண்டுக் காகிதம் கூட இல்லை. வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கேட்கும் சம்பளக்காரர்கள் மட்டும் தை, மாசியில் வீட்டுக்காரரிடம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதுகளை மொத்தமாகக் கையெழுத்து வாங்குவார்கள். அதிலும் வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும் என்றதும் முகம் சுருங்கும் வீடுகள் உண்டு.

ரசீதுக்கு உள்ள பெருமை, அது கருத்துச் சொல்லாது என்பதுதான். தங்கமானவர் என்றும் சொல்லாது, பரவாயில்லை என்றும் இழுக்காது. இந்த மாதம், இந்தத் தேதி, இவ்வளவு என்று மட்டும் சொல்லும். வாங்கிய அன்றே எழுதப்படுவதால், எழுதும் நேரத்தில் வீட்டுக்காரருக்கு ஆளைத் தள்ளிவிடும் அவசரமும் இல்லை, பிடித்து வைக்கும் ஆசையும் இல்லை. பொய்யாக எழுதினால் அவருக்கே நஷ்டம், ஏனென்றால் வாங்காத பணத்தை வாங்கியதாக யாரும் எழுதித் தர மாட்டார்கள். சந்தைத் தரகரின் வார்த்தைக்கு விலை கொடுத்த அதே விதி இங்கும் பொருந்துகிறது. இன்னும் ஒன்று, ரசீது குடித்தனக்காரர் கையில் இருக்கிறது. துண்டு முறையில் காகிதம் பழைய துரையின் தயவில் இருந்தது. இதில் வாங்கியபின் அவர் தயவு தேவையில்லை.

இதற்கு மாற்றாக அரசு வேறொரு விசாரணையையும் கொண்டுவந்தது: போலீஸ் படிவம். புதிதாக வந்தவரைப் பற்றி அரசு கேட்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் கோயம்புத்தூரை மாறி மாறித் தாக்கிய நினைவாக இன்றும் அங்கே பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் நோய் கண்ட ஊர்களிலிருந்து வருகிறவர்களைக் கண்காணிக்கச் சென்னை மாகாணம் பிளேக் பாஸ்போர்ட் கொடுத்தது. 2012 பிப்ரவரியில் சென்னையில் வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரி வாடகை வீடொன்றில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டபின், குடித்தனக்காரர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின் கீழ் உத்தரவு வந்தது. மற்ற நகரங்களிலும் இத்தகைய படிவங்கள் பழக்கமாயின. ஆனால் போட்டோவும் அடையாள அட்டையும் நிரந்தர முகவரியும் ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதைத்தான் சொல்கின்றன. "எந்தூருங்க?" என்ற பழைய கேள்விக்கே அது காக்கிச் சட்டை மாட்டிவிட்டது. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் மேல்தான் அதன் பாரம் அதிகம் விழுகிறது. நேர்மையாக வாடகை கட்டுவாரா என்று அந்தப் படிவத்தில் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம். எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலம் முடிந்தால் வீட்டைத் திரும்பப் பெறும் வழியும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. இதன் விளைவு ஒன்றைப் பலர் கவனிக்கவில்லை. கெட்ட குடித்தனக்காரரைப் பொய் சொல்லித்தான் தள்ளிவிட வேண்டும் என்ற அவசியம் குறையும்போது, முந்தைய வீட்டுக்காரரின் வார்த்தைக்கு உண்மையாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அவரைக் கேட்டால் பயன் உண்டு என்ற நிலை இப்போதுதான் திரும்புகிறது.

ஆனாலும் அவரிடம் எதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். குழாய் ஒழுகுகிறது என்று நாலு முறை புகார் சொன்னவரும், அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்லி நோட்டீஸ் விட்டவரும், பழைய வீட்டுக்காரரின் பார்வையில் 'சரியில்லாதவர்கள்'. அவர் வாய்க்கு முழு அதிகாரம் கொடுத்தால் உரிமை கேட்கும் ஒவ்வொருவரும் ஊரில் வீடு கிடைக்காமல் அலைய வேண்டும், துண்டு முறை வேறு பெயரில் திரும்பும். அமெரிக்காவில் குடித்தனக்காரர்களின் பழைய கணக்கைத் தொகுத்து விற்கும் நிறுவனங்கள் பெருகியபோது இந்த ஆபத்து அங்கே தெரிந்தது. 1970இன் கடன் தகவல் சட்டம், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும், தப்பாக இருந்தால் மறுக்கவும் சம்பந்தப்பட்டவருக்கு உரிமை தந்தது. கேள்வி ஒருவழியாக இருக்கக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். இந்த வீட்டுக்காரர் அட்வான்ஸை ஒழுங்காகத் திருப்பினாரா, வெள்ளையடித்த செலவு என்று பாதியைப் பிடித்துக்கொண்டாரா என்று முந்தைய குடித்தனக்காரரைக் கேட்கப் புதிதாக வருபவருக்கும் உரிமை இருக்க வேண்டும். பத்து மாதப் பணத்தைக் கொடுக்கிறவர்தான் உண்மையில் அதிக ஆபத்தில் இருக்கிறார்.

அப்படியானால் பொள்ளாச்சி லைன் வீட்டு வாசலில் நிற்கிறவரைப் பற்றி என்ன கேட்பது? வாடகை எந்தத் தேதியில் வந்தது, காலி செய்தபோது சாவியும் மீட்டர் கணக்கும் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டனவா, அட்வான்ஸ் எவ்வளவு திரும்பியது. இந்த மூன்றுக்கும் பதில் ஆமாம், இல்லை, எண் என்ற அளவில் முடிந்துவிடும். மூன்றையும் ரசீதிலோ வங்கிக் கணக்கிலோ சரிபார்த்துக்கொள்ளலாம். அவற்றில் சாதிக்கும் ஊருக்கும் மதத்துக்கும் இடமில்லை. வீட்டுக்காரர்கள் மாதா மாதம் ரசீது தரத் தொடங்கினால் இதற்குப் புதிய சட்டமே வேண்டாம், 1960இல் எழுதியதே போதுமானதாக இருந்திருக்கும். சொத்து வரிக்குப் பயந்து ரசீது கொடுக்காத ஒவ்வொரு வீட்டுக்காரரும், அடுத்த குடியைப் பற்றி விசாரிக்க ஆதாரமில்லாமல் தானே தன்னைக் குருடாக்கிக்கொண்டவர். அந்த ரசீதைக் கொடுக்க மனமில்லாத வரைக்கும், நல்ல குடி அமையவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளும் உரிமையும் அவருக்குக் கிடையாது.